146,679 என்ற எண்ணை எப்படி எழுதுவது?

மூன்று வருசத்துக்கு முதல், ஒரு மே மாதம், ஒரு கட்டுரை எழுதினேன். முள்ளிவாய்க்கால் நினைவு வாரம். இரவோடு இரவாக எழுதி முடித்தது. "வன்னியில் 146,679 பேர் கொல்லப்பட்டார்கள்" என்றுதான் அது தொடங்கியது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு இரண்டு பேர் அதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். முதலாவது ஆள் என்னோடு கம்பஸில் படித்த சிங்கள நண்பன். சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்: "இந்த எண் எங்கயிருந்து வந்தது? ஆர் எண்ணினது?" எனக்குப் பதில் தெரியவில்லை. "எல்லாரும் சொல்லுறதுதானே" என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டாவது ஆள் ஒரு அம்மா. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி இருக்கிற தாய்மாரில் ஒருவர். அவருடைய பேத்தி என் கட்டுரையைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"தம்பி, இதை எழுதினது நீங்களோ?"

"ஓம் அம்மா."

"நான் என்ர பிள்ளையை என்ர கையால ஆமியிட்டக் குடுத்தனான். உயிரோட குடுத்தனான். அவன் செத்துப்போனான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

நண்பனுக்காவது ஏதோ சொல்லித் தப்பினேன். அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்துதான் என்னைப் பின்னால் போய்த் தேட வைத்தன. வன்னியைப் பற்றி எங்களுக்கு முன்னால் எழுதியவர்கள், அதாவது மனித உரிமை அமைப்புகள், மதகுருமார், கணக்கெடுத்தவர்கள், வீதியில் இருந்த தாய்மார், எப்படி எழுதினார்கள்? எந்த எழுத்து நின்றது? எது அடுத்த நாளே காணாமல் போனது? தேடிப் பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. எங்களை நம்பாத ஒருவர் எடுத்துச் சோதித்துப் பார்க்கக்கூடியதாக எழுதப்பட்டவைதான் நின்றிருக்கின்றன. கோபமும் கண்ணீரும் எல்லா எழுத்திலும் இருக்கிறது. வித்தியாசம் அதில் இல்லை.

இரண்டு பக்கத்தையும் எழுதியவர்கள்

கதை யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1988இல் யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இந்திய அமைதிப்படை இருந்த காலம். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜனி திராணகம ஆகிய நான்கு பேரும் சேர்ந்து எழுதிய "முறிந்த பனை" 1990இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. ராஜனி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1989 செப்டம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்று அவருடைய குடும்பத்தவரும் சகாக்களும் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்த அமைப்பு யாழ்ப்பாணத்தில் வெளிப்படையாக இயங்க முடியவில்லை. ஆனால் அறிக்கைகள் நிற்கவில்லை. இந்திய இராணுவம் செய்தது, இலங்கை இராணுவம் செய்தது, புலிகள் செய்தது, மற்ற இயக்கங்கள் செய்தது எல்லாம் ஒரே அறிக்கையில் வந்தன. எங்கே, எப்போது, எப்படி என்று விவரமாக எழுதினார்கள். 2009 டிசம்பரில் வந்த அவர்களுடைய வன்னி அறிக்கை அங்கிருந்து தப்பி வந்தவர்கள் சொன்னதை வைத்து எழுதப்பட்டது. மக்கள் மேல் விழுந்த இராணுவத்தின் ஷெல்லும் அதில் இருக்கிறது. தப்பி ஓடியவர்கள் மேல் புலிகள் சுட்டதும், பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனதும் அதில் இருக்கிறது.

எங்கட ஆக்கள் பலருக்கு இந்த அமைப்பைப் பிடிக்காது. அவர்களுடைய முடிவுகள் எல்லாவற்றோடும் நானும் உடன்படுவதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கோ. தன் பக்கத்துத் தவறையும் எழுதுகிற ஒருவர் மற்றப் பக்கத்துத் தவறை எழுதும்போது, அதைத் "பிரச்சாரம்" என்று தள்ளிவிடுவது லேசில்லை. தன் பக்கத்தை மட்டும் எழுதுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பெயரும் பாடசாலையும்

இனி வன்னிக்கு வருவோம். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம். கிளிநொச்சி புலிகளின் நிர்வாகத் தலைநகரம். 2004இல் அங்கே வடக்கு கிழக்கு மனித உரிமைகள் செயலகம் தொடங்கப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர் கருணாரட்ணம் அடிகளார். அந்தச் செயலகம் செய்த பெரிய வேலை பட்டியல் போட்டது. 1956 தொடங்கி நடந்த படுகொலைகளை ஊர் ஊராகப் பதிந்தார்கள். எந்த இடம், எந்தத் திகதி, என்ன நடந்தது, கிடைத்த பெயர்கள் எல்லாம்.

அந்த வேலையின் பெறுமதி 2006 ஆகஸ்ட் 14ஆம் திகதிக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலை முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் மாணவிகள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்று அரசாங்கம் சொன்னது. படுகொலை என்று தமிழ்த் தரப்பு சொன்னது. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் வெறும் வார்த்தைகள்தான்.

பிறகு பெயர்ப்பட்டியல் வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் பக்கத்தில் அவள் படித்த பாடசாலை இருந்தது. புதுக்குடியிருப்பு, விசுவமடு, உடையார்கட்டு, முள்ளியவளை, கிளிநொச்சி, தர்மபுரம் என்று கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பாடசாலைகள். அவர்கள் அந்தப் பகுதிப் பாடசாலைகளிலிருந்து இரண்டு நாள் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்று யுனிசெப்பும் சொன்னது. அந்தப் பயிற்சியை ஒழுங்குசெய்தது யார், என்னத்துக்காக என்ற கேள்விகள் இருந்தன. இறந்தோர் தொகையும் ஒவ்வொரு அறிக்கையில் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஆனால் "பாடசாலை மாணவிகள்" என்பதை அசைக்க முடியவில்லை. நம்பாதவர் அந்தப் பாடசாலைக்குப் போய் வரவு இடாப்பைப் பார்க்கலாம். "அப்பாவிகள்" என்று நூறு தரம் எழுதினாலும் இந்தப் பலம் வராது.

இந்தச் செயலகத்துக்கும் ஒரு குறை இருந்தது. அது புலிகளின் நிர்வாகத்துக்குள் இயங்கியது. அரசின் கொலைகளைப் பதிந்த அதே வேகத்தில், வன்னிக்குள்ளேயே பிள்ளைகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டதை அது எழுதவில்லை. அதனால் அதன் நல்ல வேலையையும் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். முதல் பகுதியில் சொன்ன பாடம் இங்கே மற்றப் பக்கத்தால் வருகிறது.

2008 ஏப்ரல் 20ஆம் திகதி கருணாரட்ணம் அடிகளார் மல்லாவிப் பக்கம் வாகனத்தில் போய்க்கொண்டிருந்தபோது கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். ராஜனியைக் கொன்றவர்கள் ஒரு பக்கம், அடிகளாரைக் கொன்றவர்கள் மறுபக்கம் என்று பேசப்படுகிறது. இரண்டு பேரும் வாழ்க்கையில் செய்த வேலை ஒன்றுதான். நடந்ததை எழுதி வைத்தார்கள்.

எண்ணியவர்களும் மறைத்தவர்களும்

2008 செப்டம்பரில் அரசாங்கம் ஐ.நா. மற்றும் உதவி அமைப்புகளை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடிநின்று "போகாதேங்கோ" என்று கேட்டது. போய்விட்டார்கள். சாட்சி சொல்ல வெளியாள் இல்லாமல் யுத்தம் நடந்தது.

அப்போது உள்ளே எத்தனை பேர் என்பதே பெரிய சண்டையாக இருந்தது. 2009 தொடக்கத்தில் அரசாங்கம் சொன்ன கணக்கு சுமார் 70,000 பேர். அதே அரசாங்கத்தின் சம்பளம் வாங்கிக்கொண்டு வன்னிக்குள் கடமையில் இருந்த சிவில் அதிகாரிகள் சொன்ன கணக்கு 330,000. இது சும்மா புள்ளிவிவரச் சண்டை இல்லை. 70,000 பேருக்கு என்று கணக்குப் போட்டால் அதற்கேற்ற அரிசிதான் வரும், அதற்கேற்ற மருந்துதான் வரும். யுத்தம் முடிந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்கும் மற்ற இடங்களுக்கும் வந்து சேர்ந்தவர்களே 280,000க்கு மேல். யாருடைய எண் உண்மைக்குக் கிட்ட இருந்தது என்பதை மக்களே நடந்து வந்து காட்டினார்கள்.

இதே நேரம் கொழும்பில் ஐ.நா. ஊழியர்கள் சிலர் இன்னொரு கணக்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வன்னிக்குள் நின்ற ஐ.நா. உள்ளூர் ஊழியர்கள், வைத்தியர்கள், மதகுருமார் போன்றவர்களிடமிருந்து வந்த தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரு மரணத்தை மூன்று தனித்தனி மூலங்கள் உறுதிப்படுத்தினால்தான் "உறுதி" என்று எழுதினார்கள். அப்படி 2009 மே 13 வரை அவர்கள் சேர்த்த எண்: 7,721 பேர் இறப்பு, 18,479 பேர் காயம். கடைசி நாட்கள் அதில் இல்லை. மூன்று மூலம் கிடைக்காத மரணங்களும் அதில் இல்லை.

ஆனால் ஐ.நா. அந்தக் கணக்கை அப்போது முறையாக வெளியிடவில்லை. மார்ச் மாதம் மனித உரிமைகள் ஆணையாளர் நவநீதம் பிள்ளை, 2,800க்கு மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்று பகிரங்கமாகச் சொல்ல வந்தபோது ஐ.நாவுக்குள்ளேயே அவரை மெதுவாக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். இதெல்லாம் 2012 நவம்பரில் வந்த ஐ.நாவின் சொந்த உள்ளக அறிக்கையில் இருக்கிறது. கவனமாக எண்ணியவர்கள் இருந்தார்கள். அதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்ல ஆள் இல்லை. இதுவும் எங்களுக்கு ஒரு பாடம்தான். சோதித்துப் பார்த்து வைத்திருக்கிற உண்மையைப் பூட்டி வைத்தால், அது இல்லாததற்குச் சமம்.

மன்னாரில் ஒரு கழித்தல் கணக்கு

இப்ப என் நண்பனின் கேள்விக்கு வருவோம்.

2010இல் அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு என்று ஒன்றை அமைத்தது. அது 2011 ஜனவரி 8ஆம் திகதி மன்னாரில் அமர்ந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகையும் அவருடைய மறைமாவட்டக் குருக்கள் இருவரும் கையெழுத்திட்டு ஒரு சமர்ப்பணத்தைக் கொடுத்தார்கள். அதற்குள் இருந்தது ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய ஒரு கழித்தல்.

2008 ஒக்டோபர் தொடக்கத்தில், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10ஆம் திகதி, ஐ.நாவின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்குப்படி வன்னியிலிருந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். கழித்தால் 146,679. "இந்த 146,679 பேருக்கு என்ன நடந்தது என்பதை விளக்க வேண்டும்" என்பதுதான் அவர் கேட்டது.

இரண்டு விசயத்தைக் கவனியுங்கோ. ஒன்று, அவர் தன்னுடைய எண்ணைக் கொண்டுவரவில்லை. ஒன்று அரச அலுவலகங்களின் எண், மற்றது ஐ.நாவின் எண். எண் பிழை என்று அரசாங்கம் சொன்னால், தன்னுடைய கச்சேரியையே பிழை என்று சொல்லவேண்டும். சிலர் அப்படித்தான் சொன்னார்கள். நிவாரணத்துக்காகக் கச்சேரிக் கணக்குக் கூட்டிக் காட்டப்பட்டிருக்கலாம் என்றார்கள். இருக்கட்டும், அப்படியென்றால் சரியான எண் எது என்று காட்டவேண்டிய பொறுப்பு யாருடையது? ஆயர் கேள்வியை வைத்த விதத்தால் பதில் சொல்லவேண்டிய கடமை மற்றப் பக்கம் போய்விட்டது.

இரண்டாவது விசயம்தான் எனக்குப் பெரிய அடி. "கொல்லப்பட்டார்கள்" என்ற சொல்லை அவர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. "கணக்கில் வராதவர்கள்" என்றுதான் வைத்தார். அதற்குள் இறந்தவர்கள் இருக்கலாம், கையளிக்கப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கலாம், வேறு வழியால் வெளியேறியவர்கள் இருக்கலாம், பதிவில் வந்த பிழையும் இருக்கலாம். தனக்குத் தெரிந்த அளவுக்கு மேல் அவர் ஒரு அடியும் வைக்கவில்லை. அதுக்காக அவரைச் சும்மா விடவும் இல்லை. பிறகு புலனாய்வுத்துறை வந்து அவரை விசாரித்தது. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் காலமானார். அவருடைய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

நாங்கள் என்ன செய்தோம்? மேடையில், பதாகையில், முகநூலில், என்னுடைய கட்டுரையில், "கணக்கில் வராதவர்கள்" என்பதை எடுத்துவிட்டு "கொல்லப்பட்டவர்கள்" என்று போட்டோம். ஆயர் கட்டிய மதிலிலிருந்து ஒரு கல்லை நாங்களே உருவினோம். இனி மற்றவர் அந்த எண்ணைத் தாக்குவது லேசு: "ஆதாரம் எங்கே? உடல்கள் எங்கே?" ஆயரிடம் யாரும் அப்படிக் கேட்க முடியாது, ஏனென்றால் அவர் அப்படிச் சொல்லவில்லை.

எங்கட காதில் விழுகிற எண்கள் நாலும் நாலு வேறு கேள்விக்குப் பதில் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். 7,721 என்பது 2009 மே 13 வரை ஒவ்வொன்றாக உறுதிப்படுத்தப்பட்ட மரணங்கள். 40,000 என்பது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அவ்வளவு பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்ற மதிப்பீடு. 70,000க்கு மேல் என்பது 2012 ஐ.நா. உள்ளக அறிக்கை எடுத்துக்காட்டிய, கணக்கில் வராதோர் தொகை. 146,679 என்பது இரண்டு ஆவணங்களுக்கு இடையிலான வித்தியாசம். எந்த எண்ணைப் போட்டாலும் அது என்ன எண், யாருடைய எண் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். அதை நான் செய்யவில்லை.

தாய்மார் திருத்திய சொற்கள்

அம்மாவின் கேள்வி இதைவிடக் கடினம்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதே மாதம் வவுனியாவில், அடுத்த மாதம் முல்லைத்தீவில் என்று அது பரவியது. ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு பலகை. அதில் நாள் எண். 100, 500, 1000. 2022 ஆகஸ்டில் கிளிநொச்சியில் அது 2000ஐத் தொட்டது. இதற்கிடையில் நூற்றுக்கு மேற்பட்ட பெற்றோர் பிள்ளையின் முகத்தைக் காணாமலே இறந்துபோனார்கள்.

அந்தப் பலகையும் ஒரு எழுத்துத்தான். அதில் வர்ணனை ஒன்றும் இல்லை, ஒரு எண் மட்டும். நேற்றைக்கு 1,412 என்றால் இன்றைக்கு 1,413. அந்த வழியால் போகிற யாரும், A9இல் போகிற பஸ்ஸில் இருக்கிற ஒரு தென்னிலங்கைச் சுற்றுலாப் பயணிகூட, அதை வாசித்து விளங்கிக்கொள்ளலாம்.

சொற்களில் அவர்களைப்போலக் கவனமாக இருந்தவர்களை நான் காணவில்லை. "காணாமல் போனோர்" என்று சொன்னால் திருத்துவார்கள்: "அவங்கள் தாங்களாப் போகேல்ல. காணாமல் ஆக்கினது." 2016இல் சட்டம் வந்து, 2018இல் இயங்கத் தொடங்கிய அலுவலகத்தின் பெயரே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். மரணச் சான்றிதழ் தரலாம் என்றபோது வேண்டாம் என்றார்கள். 2022இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா தரலாம் என்றபோதும் வேண்டாம் என்றார்கள். "செத்துப்போனான்" என்று ஒரு தாய் கையெழுத்து வைத்த நாளோடு, "எங்க வைச்சிருக்கிறியள்?" என்ற கேள்வி முடிந்துவிடும். வட்டுவாகல் பாலத்தடியில் கண்முன்னால் கையளித்த பிள்ளைக்குக் கணக்குக் காட்டவேண்டியது கையேற்றவர்கள்தான். அந்தச் சட்டப் பொறுப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது ஒரு சொல்லில். அந்தச் சொல்லைத்தான் நான் ஒரு மே மாதத்து இரவில் கவனமில்லாமல் மாற்றினேன்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சிக் காலத்தில், 1977 ஏப்ரல் 30ஆம் திகதி, புவனஸ் அயர்ஸ் நகரின் மே சதுக்கத்தில் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் கூடத் தொடங்கினார்கள். அந்த வருசம் டிசம்பர் 10, மனித உரிமைகள் தினத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களோடு பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டார்கள். காசு சேர்த்துப் போட்ட விளம்பரம். அவர்களில் முன்னணியில் நின்ற அசுசேனா வில்லாஃபுளோர் அதே நாள் கடத்தப்பட்டார். 2005இல்தான் அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. ஆட்சி மாறிய பிறகு, 1984இல் அங்குள்ள ஆணைக்குழு கிட்டத்தட்ட 9,000 பேரைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அங்கே தாய்மாரும் மனித உரிமை அமைப்புகளும் சொல்கிற எண் 30,000. உறுதிப்படுத்திய எண்ணுக்கும் மதிப்பிட்ட எண்ணுக்கும் இடையில் அங்கேயும் இன்றுவரை வாக்குவாதம் நடக்கிறது. எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை இது.

இன்னொரு பக்கத்தையும் அசுசேனாவின் கதை காட்டுகிறது. பெயர் போடுவது பலம், அதேநேரம் ஆபத்து. எங்கட ஊரிலும் ஒரு அம்மாவின் பெயரும் படமும் வெளியில் வந்த அடுத்த கிழமை, வீட்டுக்குச் சிவில் உடுப்பில் ஆள் வந்து போகும். எழுதுகிற எங்களுக்கு அது ஒரு கட்டுரை. அவவுக்கு அது இரவில் நாய் குலைக்கிற சத்தம்.

என்ன கேட்கிறோம் என்பது

கடைசியாகக் காணிப் போராட்டங்கள். முல்லைத்தீவு கேப்பாப்புலவுப் பகுதியில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி கடைசியில் விமானப்படை முகாம் வேலிக்கு முன்னால் போய் இருந்தார்கள். பனியிலும் வெயிலிலும் பிள்ளைகுட்டிகளோடு ஒரு மாதம். அவர்கள் கேட்டது ஒரே விசயம்: 84 குடும்பங்களின் காணி, இந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, தாருங்கோ. மார்ச் 1ஆம் திகதி விட்டார்கள். கேப்பாப்புலவின் மற்றக் காணிகளுக்கான போராட்டம் அதற்குப் பிறகும் வருசக்கணக்காக நீண்டது.

பூநகரிக் கடலில் இருக்கிற இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். யுத்தம் முடிந்த பிறகும் கடற்படை அங்கே இருந்தது. மகஜர் கொடுத்தார்கள், வீதியில் இருந்தார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தங்கட தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். பிறகு அரசாங்கம் அவர்கள் அங்கே இருக்க இணங்கியது.

இந்த வெற்றிகளுக்கு எழுத்துத்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. வேலிக்கு முன்னால் இருந்தது சனம், கட்டுரை இல்லை. ஆனால் அவர்கள் கேட்டதை லண்டனில் இருக்கிறவரும் கொழும்பில் இருக்கிறவரும் ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்லக்கூடியதாக இருந்தது. எந்தக் காணி, யாருடையது, யார் விடவேண்டும். எங்கட பல கட்டுரைகளின் கடைசிப் பந்தி "நீதி கிடைக்கும்வரை ஓயமாட்டோம்" என்று முடியும். அதை வாசித்து முடித்த ஒருவர் நாளைக்குக் காலையில் யாரிடம் என்ன கேட்பது என்று அதில் இருக்காது.

இனி

இவ்வளவும் தேடிய பிறகு எங்கட கூட்டில் ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். எண் வந்தால் அது யாருடைய எண், எந்தத் திகதி என்று கேட்போம். கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுவோம். எங்கட பக்கம் செய்த பிழை அந்தக் கதைக்குள் இருந்தால் அதையும் எழுதுவோம். ஒருவரைப் பற்றி எழுதினால் போடுவதற்கு முதல் அவருக்கு வாசித்துக் காட்டுவோம், பெயர் போடலாமா என்று அப்போது இன்னொரு தரம் கேட்போம். 2017 பெப்ரவரியிலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கடுதாசி எழுதிப் பிரதேச செயலகத்திலேயே கேட்கலாம். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதே எழுதக்கூடிய ஒரு உண்மை. இதெல்லாம் செய்தால் ஒரு கட்டுரைக்கு மூன்று கிழமை எடுக்கிறது. எடுக்கட்டும்.

போன மாதம் அந்த அம்மாவிடம் போனேன். சொப்பின் பையைத் திறந்து காட்டினா. உள்ளே மகனின் படம், அடையாள அட்டைப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த கடிதம், ஒவ்வொரு ஆணைக்குழுவும் கொடுத்த பற்றுச்சீட்டு, எல்லாம் திகதி ஒழுங்கில். நான் மூன்று வருசமாகத் தேடிக் கண்டுபிடித்த பாடம் அந்தப் பைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

பழைய கட்டுரையின் முதல் வசனத்தைத் திருத்தி அவவுக்கு வாசித்துக் காட்டினேன்:

"2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரச கச்சேரிகள் பதிந்தவர்களில், 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அரசாங்கம் இன்னும் சொல்லவில்லை."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்குள்ள என்ர பிள்ளையும் நிக்கிறான்தானே?" என்று கேட்டா.

"ஓம் அம்மா, நிக்கிறார்."

"அப்ப சரி. போடுங்கோ."